கப்பல் தளத்தில் ஒரு பாடம்

முன்னொரு காலத்தில், ராஜாவின் கிளி தும்மினாலும் அரசவை கூடிவிடும் ஒரு தேசம் இருந்தது. அந்தக் கிளிக்கு ஒரு நாள் கண்ணில் திரை விழுந்துவிட்டது. அரண்மனை வைத்தியர்கள் ஊற்றாத தைலம் இல்லை, கட்டாத பச்சிலை இல்லை. கடைசியில், கடலுக்கு அப்பாலிருக்கும் பவழத்தீவிலிருந்து கப்பலில் வந்த ஒரு வைத்தியர், மெல்லிய ஊசி ஒன்றால் அந்தத் திரையை விலக்கிவிட்டார். கிளி கண்ணைத் திறந்து ராஜாவைப் பார்த்தது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி ஆண்டுதோறும் நம் நாட்டார் ஒருவர் பவழத்தீவுக்குச் சென்று வித்தை கற்று வரட்டும். அந்நாட்டார் ஒருவர் இங்கே வந்து நம் கலைகளைக் கற்கட்டும். செலவு கஜானாவைச் சேர்ந்தது" என்று அங்கேயே ஆணையிட்டார்.

நல்ல ஆணைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு அமைச்சர் காலிங்கராயரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் வந்தது வினை.

அந்த அவையின் விகடகவி சாத்தையன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ஒரு காலை அவன் அரண்மனைக்குள் நுழையும்போது, வாசலில் ஒரு பெண் நின்று யாரையோ மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் செண்பகவடிவு. உப்பளத்துக் குப்பத்தில் நாட்டு வைத்தியம் பார்ப்பவள்.

"யாரை இப்படிக் கரிச்சுக் கொட்டுறம்மா?" என்று கேட்டான் சாத்தையன்.

"பின்ன என்னங்கய்யா! உப்பு வெள்ளையைப் பாத்துப் பாத்தே எங்க குப்பத்துல பாதிப் பேருக்குக் கண்ணுல திரை. எங்கம்மா சோத்துத் தட்டைக் கையால தடவித் தேடுறா. அந்த ஊசி வைத்தியத்தைக் கத்துக்கிட்டு வரலாம்னு மனு குடுத்தேன். 'பவழத்தீவு மண்ணுல, அந்த ஊர் ஆசிரியர்கிட்ட நீ ஏற்கெனவே படிச்சிருக்கணும், அதுக்கு அந்த ஊர்க்காரங்க சாட்சி வேணும்'னு சொல்றாரு அமைச்சர். அங்க போய்ப் படிச்சிருந்தா, என்னைப் படிக்க அனுப்புங்கன்னு நான் ஏன்யா இந்த வாசல்ல வந்து நிக்கப்போறேன்?"

இந்த நிபந்தனை யாருக்காக எழுதப்பட்டது என்று சாத்தையனுக்குத் தெரியும். காலிங்கராயரின் மருமகன் முன்பு அத்தர் வாங்கப் பவழத்தீவுக்குப் போனவன். அங்கே யாரோ ஒரு ஆசிரியர் வீட்டில் ஒரு பொழுது உட்கார்ந்து எழுந்து வந்தானாம். அது படிப்பாம்! கப்பலோ இரண்டொரு நாளில் கிளம்பப் போகிறது. வைத்தியரும் அதிலேயே திரும்புகிறார். விட்டால் அடுத்த ஆண்டுக் காற்றுக்குத்தான் மறுபடி கப்பல்.

நேரே ராஜாவிடம் போனான். விகடம் ஒன்றும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னான்.

"அமைச்சர் முன்யோசனையுடன் எழுதியிருப்பார். யாம் முத்திரையும் இட்டுவிட்டோம்" என்றார் ராஜா, கிளிக்குக் கொய்யாத் துண்டை ஊட்டியபடி.

"மன்னா, தங்கள் கிளியின் கண்ணைத் திறக்க வந்தவரிடம் எந்தச் சாட்சி கேட்டீர்கள்? கிளிக்கு இல்லாத சட்டம் குடிகளுக்கு மட்டும் எதற்கு?"

ராஜாவின் முகம் சிவந்தது. காலிங்கராயருக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது.

"விகடகவிக்கு இவ்வளவு அக்கறை இருக்குமானால், நாளை அவை கூடுவதற்குள் அப்பெண்ணைப் பவழத்தீவு மண்ணில் படிக்க வைத்து, சாட்சியோடு அழைத்து வரட்டும். இயலாவிட்டால் இனி அரசு காரியங்களில் அவர் வாய் திறக்கக்கூடாது."

"நல்ல பந்தயம்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவையினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பை மூட்டியே பிழைத்த சாத்தையனுக்கு அன்று அந்தச் சிரிப்பு நாராசமாக இருந்தது. தட்டைத் தடவித் தேடும் ஒரு தாயை நினைத்தால் சிரிப்பு எப்படி வரும்? கேடுகெட்ட ஜென்மங்கள்!

விறுவிறுவென்று துறைமுகத்துக்கு நடந்தான். வைத்தியரிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று நினைப்பு. கப்பலில் ஏறும் பலகையில் கூலியாட்கள் பாய் சுற்றிய மூட்டைகளைச் சுமந்துகொண்டு போனார்கள். துறைமுகக் காவலர்கள் பலகையின் அடியிலேயே மரம் மாதிரி நின்றார்கள். காற்றில் கமகமவென்று சந்தன வாசம். அந்த நாட்டில் சந்தன மரம் ராஜாவின் சொத்து. மற்றவர் வெட்டினால் சிறை.

"ஏம்ப்பா, ஏறிச் சோதனை போடாம இங்கயே நிக்கிறீங்க?"

"ஏறக்கூடாதுங்க" என்றான் ஒரு காவலன். "வேத்து ராஜா கொடி பறக்குற கப்பல்ல பலகையைத் தாண்டிக் கால வச்சா, அது அந்த ராஜாவோட மண்ணு. நம்ம அதிகாரம் அங்க செல்லாதுன்னு அமைச்சர் காலிங்கராயர் உத்தரவு."

சாத்தையன் தொடையைத் தட்டிக்கொண்டு, செண்பகவடிவை அழைத்து வர ஓடினான்.

மறுநாள் அவையில் செண்பகவடிவும், வைத்தியரும், கப்பல் தலைவனும் வந்து நின்றார்கள். கப்பல் தலைவன் வணங்கிச் சொன்னான்: "அரசே, இப்பெண் எங்கள் கப்பலின் தளத்தில், எங்கள் வைத்தியரிடம், மீன் கண்ணில் ஊசி பிடிக்கும் முதற்பாடம் கற்றாள். எம் மன்னர் கொடியின்மீது ஆணை. முழு வித்தையையும் எங்கள் ஊரில் கற்பிக்கக் காத்திருக்கிறோம்."

"மோசடி!" என்று துள்ளி எழுந்தார் காலிங்கராயர். "கப்பல் நிற்பது நம் துறைமுகத்தில். அது எப்படிப் பவழத்தீவாகும்? அது நம் நாடே!"

"மிக்க நன்று, அமைச்சரே" என்றான் சாத்தையன். "மன்னா, அது நம் நாடாம். காவலர்களை இப்போதே ஏற்றி, அங்கே பாய் சுற்றிக் கிடக்கும் மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தன வாசம் மூக்கைத் துளைக்கிறது. யாருடையது என்று விசாரித்துவிடலாம்."

காலிங்கராயர் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னா... அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். கொடி பறக்கும் கப்பல் பவழத்தீவு மண்தான். ஐயமே இல்லை."

"உறுதிதானா?" என்றார் ராஜா.

"உறுதி, மன்னா."

"அப்படியானால் அம்மண்ணில் கிடக்கும் பொருளும்?"

காலிங்கராயர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அவர்களுடையதே."

ராஜா ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கப்பல் தலைவரே, கேட்டீரல்லவா? அந்தச் சந்தனம் உம்முடையது. அதை விற்று இப்பெண்ணின் படிப்புக்கும் உணவுக்கும் செலவிடும். கஜானாவுக்கு வேலை வைக்காமல் அமைச்சரே கொடை அளித்துவிட்டார்!" என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனிடம் நீட்டினார்.

சாத்தையன் கைநீட்டவில்லை. "மாலை இருக்கட்டும், மன்னா. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இதே நிபந்தனையைக் காட்டி எத்தனை பேரை வாசலோடு துரத்தினார்களோ! அவர்களை அழைத்து வாருங்கள். எனக்கு அதுவே பரிசு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அந்த நிபந்தனையைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். துரத்தப்பட்டவர்களை அழைத்துவரக் குதிரைவீரர்கள் புறப்பட்டார்கள். மாலையையும் சாத்தையன் கழுத்தில் தாமே போட்டார். காலிங்கராயரின் பதவி பறிக்கப்பட்டது. அவர் துறைமுகத்துக்குச் சென்று செண்பகவடிவுக்கு மலர்மாலை கொடுத்து வழியனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

காற்று திரும்பியதும் கப்பல் நகர்ந்தது. கரையில் உம்மென்று நின்ற காலிங்கராயரைப் பார்த்துத் தளத்திலிருந்து கூவினாள் செண்பகவடிவு:

"ஐயா, படிச்சதுக்குச் சாட்சி கேட்டீங்களே! திரும்பி வந்ததும் எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். கூட்டத்துல நீங்க எங்க நின்னாலும் அவளே பாத்து அடையாளம் காட்டுவா!"