காணாமல் போன குதிரையும் வராத வைத்தியரும்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதுவரை யார் பக்கமும் சாயாமல் கேளுங்கள்.

வேலங்குறிச்சிக்கும் செம்மணல்பட்டிக்கும் நடுவே ஒரு காட்டாறு. அணைத் தண்ணீருக்காக வெட்டிக்கொண்டு, இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த காலம். எதிரி ஊரோடு ஒட்டு உறவு வைத்தால் தண்டனை என்று இரு பக்கமும் கட்டளை இருந்தது.

ஓர் ஐப்பசி மழையில் வேலங்குறிச்சிப் பாளையக்காரரின் வெள்ளைக் குதிரை லாயத்திலிருந்து காணாமல் போயிற்று. மறுநாள் ஆற்றங்கரையில் துணி மூட்டையோடு வந்த நல்லையன் என்ற வியாபாரியைப் பிடித்தார்கள். அவன் செம்மணல்பட்டிக்காரன். அதற்கு மேல் யாரும் சாட்சி தேடவில்லை. குதிரை இருக்குமிடத்தைச் சொல்லும்வரை சிறை என்றார் பாளையக்காரர். தெரியாததை அவனால் சொல்ல முடியவில்லை. ஆண்டுகள் கழிந்தும் உள்ளேயே கிடந்தான்.

அதே ஐப்பசியில் செம்மணல்பட்டி வைத்தியர் அம்பலவாணர் மருந்துப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனார். திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் சிரித்தது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாமல் அவர் மனைவி உமையாள் நாளைக் கடத்தினாள். ஒரு ஊரின் திருட்டையும் மறு ஊரில் மனிதர் மறைந்ததையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

வேலங்குறிச்சியில் பூவாயி என்று ஒருத்தி. அவள் கணவன் சடையன் லாயத்துக் காவல்காரன். அந்த மழையில்தான் அவளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே நின்று அவள் உயிருக்குப் போராடியபோது, சடையன் யாருக்கும் தெரியாமல் ஆற்றைக் கடந்து வைத்தியரைக் கூட்டிவரப் போனான். நனைந்து, தனியாகத் திரும்பி வந்தான். “எதிரி ஊர்க்காரிக்கு வர மாட்டேன்னுட்டான்,” என்று மட்டும் சொன்னான். மருத்துவச்சி அவளை எப்படியோ பிழைக்க வைத்தாள். பையனுக்குக் கால் விளங்காமல் போனது. அவன் நொண்டி நடக்கும்போதெல்லாம் பூவாயி அந்த வைத்தியரைச் சபித்தாள்.

பையனுக்கு ஐந்து வயதான கோடையில், வேறோர் ஊரில் நடந்த மாரியம்மன் திருவிழாவுக்குப் பூவாயி அவனையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். கிணற்றடியில் யாரோ ஒருத்தியை, “அம்பலவாணர் வீட்டம்மா” என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. பூவாயி குடத்தை இறக்கி வைத்தாள்.

“நீதானா அவன் பொண்டாட்டி? வேலங்குறிச்சியில நான் செத்துக்கிட்டுக் கெடந்தப்ப, கூப்பிட வந்த என் புருஷனைத் திருப்பி அனுப்பினானே உன் புருஷன். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள். என் புள்ள காலைப் பாரு. உன் புருஷன் வெளங்குவானா?”

உமையாள் திருப்பித் திட்டவில்லை. “அன்னைக்குத்தான் அவர் போனார். வெள்ளைக் குதிரையில ஒருத்தன் வந்தான். பிரசவம்னு சொன்னான், ஊர்ப் பேரைச் சொல்லலை. இவர் பெட்டியை எடுத்துக்கிட்டு அவன் பின்னால ஏறிப் போனார். ஊர்ல சொன்னேன், யாரும் நம்பலை,” என்றாள்.

வேலங்குறிச்சியில் இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. பூவாயி தண்ணீர் இறைக்காமலே திரும்பிவிட்டாள்.

வீட்டில் சடையனைக் கேட்டாள். அவன் கதவைச் சாத்தினான். பிறகு சொன்னான்: “நான் சொல்லுறதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

அவள் பண்ணினாள். அவன் சொன்னான். ஆற்றில் வெள்ளம் வடியட்டும் என்றாராம் வைத்தியர். பொறுக்க மாட்டாமல் இவன் குதிரையை இறக்கினான். நடு ஆற்றில் குதிரையும் வைத்தியரும் வெள்ளத்தோடு போனார்கள். இவன் மட்டும் கரையேறினான்.

“நல்லையன் சிறையில கெடக்கானே.”

“குதிரையைத் திருடினா கை போகும். அந்த ஊர்க்காரனுக்காக என் கையைக் குடுக்கச் சொல்லுறியா? உனக்காகத்தானே போனேன்.”

அதன் பிறகு அவள் அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

சில நாளில் உமையாள் ஆற்றைக் கடந்து பாளையக்காரரின் சபைக்கே வந்து நின்றாள். வெள்ளைக் குதிரையில் ஒருவன் வந்து தன் கணவனைக் கூட்டிப் போனான் என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சபை நகைத்தது. “எங்க ஊர் ஆள் யாராவது சாட்சி சொன்னா விசாரிக்கிறேன்,” என்றார் பாளையக்காரர். அவள் நொண்டிப் பையனின் வீடு எது என்று விசாரித்து நேராகப் பூவாயியின் வாசலுக்குப் போனாள்.

“நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். கிணத்தடியில என்னைத் திட்டினியே, அதை அப்படியே வந்து சபையில திட்டு.”

பூவாயி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். கிணற்றடியில் சொன்னதைச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சபை முழுவதும், வாசலில் காவல் நின்ற சடையன் பக்கம் திரும்பியது. அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

பாளையக்காரர் அவன் கையை விட்டுவைத்தார். நல்லையன் இருந்த அறையில், நல்லையன் இருந்த அத்தனை ஆண்டும் இவன் இருக்கட்டும் என்றார். வெளியே வந்த நல்லையன் சடையன் காலடியில் காறித் துப்பிவிட்டு ஆற்றை நோக்கி நடந்தான். உமையாள் ஆற்றங்கரையில் தாலியைக் கழற்றினாள். பூவாயிக்கு அவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. வேலங்குறிச்சிப் பெண்களோ, புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பூவாயி தொட்ட கிணற்றுக் கயிற்றைத் தொட மறுத்தார்கள்.

காவலர் இழுத்துப் போகும்போது சடையன் திரும்பினான். “புள்ள தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டியே.”

“நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் சொல்லலை. சத்தியத்துக்கு முன்னால பேசினதைத்தான் பேசினேன். நான் மீறலை,” என்றாள் பூவாயி.

இப்போது சொல்லுங்கள். பூவாயி சத்தியத்தைக் காத்தாளா, மீறினாளா? மீறினாள் என்றால், அவள் செய்தது சரியா?

விடை: மீறினாள். கிணற்றடியில் பேசியபோது தன் வார்த்தை எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியாது. சபையில் தெரிந்தே பேசினாள். வாக்கியம் பழையது என்பதால் செயல் பழையதாகிவிடாது. ஆனாலும் செய்தது சரியே. தனக்காகக் கணவன் வெள்ளத்தில் இறங்கினான் என்ற நன்றிக்கடன் அவளுடையது. அதை நல்லையனின் ஆயுளைக் கொண்டு தீர்க்க அவளுக்கு உரிமை இல்லை, அப்படித் தீர்க்கச் சொல்லிச் சத்தியம் கேட்கச் சடையனுக்கும் உரிமை இல்லை. அவள் தவறியது ஓரிடத்தில்தான்: அவன் கேட்டபோது, “ஆமாம், மீறினேன்” என்று சொல்லியிருக்க வேண்டும்.