கொடுங்கோல் என்று முதலில் சொன்னவன்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அதைவிட வியப்பு, யோசித்துப் பேசின. காட்டை ஆண்ட கரடியிடம் ஒரு மூங்கில் கோல் இருந்தது. அமாவாசைதோறும் காலையில் அதைத் திடலில் ஊன்றிப் பிடித்தபடி அவன் உட்காருவான். குடிகள் ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கோலோடு ஒத்து நிற்பவர் நேர்மையானவர். மற்றவர்களைச் செந்நாய்க் காவலர்கள் மலைக்குகைக்குள் தள்ளுவார்கள். போனவர் திரும்பியதில்லை. அந்தக் குகையில் எதிரொலிகூடக் கிடையாது.

ஒரு கோடையில் கரடி ஆற்றைத் தனக்கு மட்டும் என்றான். கோலில் விரல் சொடுக்குவது போல ஒரு சத்தம். கணு ஒன்று வளைந்தது. தேனடைகளைப் பறித்தான், இன்னொரு கணு வளைந்தது. ஒரு முயல் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. "கோல் வளைந்தது என்பவன் குகைக்கு!" என்று சட்டம் போட்டான் கரடி.

"யார் சொன்னாலுமா, அரசே?" என்றான் செந்நாய்த் தலைவன். எதையும் துல்லியமாகக் கேட்டுக்கொள்வது அவன் வழக்கம்.

"யார் சொன்னாலும்."

அடுத்த அமாவாசையில் நாரையின் முறை வந்தது. அப்போதெல்லாம் நாரைக்கு ஈட்டி போல நேரான கழுத்து.

"என்ன நாரையம்மா, கழுத்து கோணலா இருக்கே?" என்றான் செந்நாய்த் தலைவன்.

"நேராத்தானே நிக்கிறேன்..."

"கோலைப் பாரு. அப்புறம் பேசு."

கூட்டில் இரண்டு முட்டைகள் காத்திருந்தன. நாரை மூச்சை அடக்கி, கோல் வளைந்தபடியே கழுத்தை வளைத்தாள். உள்ளே ஏதோ நெரிந்தது.

"இப்ப சரி," என்றான் அவன்.

அப்போதுதான் கோலில் மறுபடி அந்தச் சொடுக்கும் சத்தம்; கரடி முனகினான். இத்தனை மாதமும் கோல் தன் பக்கமாகவே வளைந்து வந்ததை அவன் கவனிக்கவில்லை. நுனி அவன் தொண்டையைத் தொட்டது. கையை எடுக்கப் பார்த்தான், கை கோலைவிட்டு வரவில்லை.

"நாரை, இதைப் பிடிச்சு இழு!"

"எதுக்கு அரசே? கோல் நேராத்தானே இருக்கு! என் கழுத்தைப் பாருங்க."

திடலே ஆமாம் என்று தலையாட்டியது. நுனி இன்னும் அழுந்தியது.

"குருட்டுப் பசங்களா! இது வளைஞ்ச கோலுடா! கொடுங்கோல்!"

செந்நாய்த் தலைவன் பணிவோடு வணங்கினான். "யார் சொன்னாலும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றபடி அரசனைக் கோலோடு குகைக்குத் தள்ளிக்கொண்டு போனான். உள்ளேயிருந்து கூக்குரல் வரவில்லை. சொடுக்கும் சத்தம் மட்டும் ஒருமுறை வந்தது.

நாரை கூட்டுக்கு ஓடினாள். முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. கழுத்தைத்தான் நிமிர்த்த முடியவில்லை.

அன்று முதல்தான் நாரையின் கழுத்து அப்படி வளைந்து கிடக்கிறது. கொடுங்கோல் என்ற சொல்லும் அன்று முதல்தான் புழங்குகிறது. 'கொடு' என்றால் வளைந்த என்று பொருள்; இரக்கமின்மை அதில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் போய்விட்ட அரசனைப் பற்றித்தான் அதை உரக்கச் சொல்கிறார்கள். இருக்கிறவனின் கோலை, இன்றுவரை, எல்லோரும் நேர் என்றே சொல்கிறார்கள்.