ராணியின் இடுப்புச் சாவி

முன்னொரு காலத்திலே, ஆற்று நடுத் திட்டில் இருந்த நீர்க்கோட்டையை வீரகோடிராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் தை பிறக்கும்வரை அங்கே படகு ஓடாது. அதனால் அரிசி, பருப்பு, உப்பு, புளி, விறகு எல்லாவற்றையும் புரட்டாசியிலேயே உக்கிராண அறையில் சேர்த்துவிட வேண்டும். அரண்மனையில் அந்தக் கணக்கெல்லாம் ராணி வடிவம்மைதான் பார்ப்பாள்.

அந்த வருஷம் ராஜாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. புளிப்பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "நீ ராணியா, மளிகைக்காரியா?" என்று கேட்டுவிட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ராணி அன்றைக்கே அக்கரைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ராஜா கூப்பிடவில்லை. ராஜா அல்லவா!

ஆனால் சாயங்காலமானால் மாடத்தில் ஏறி நிற்பார். கேட்டால், "மேகம் பார்க்கிறேன்" என்பார். பாவம், மேகம் கிழக்கே இருக்கும். அவர் கண் மேற்கே அக்கரைத் துறையில் இருக்கும். அவள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அரண்மனை அதிகாரி சடைக்குட்டியாருக்கு மந்திரி மருதவாணரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ராணியம்மா இல்லாமலே உக்கிராணத்தை நிரப்பிவிட்டேன். மந்திரியார் ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்! முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தரட்டும்."

"ஆகட்டும்!" என்றார் ராஜா. "மந்திரியாரே, என்ன சொல்கிறீர்?"

"மகாராஜா, நாளைக்கே வெள்ளம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பதைச் சமைத்துச் சாப்பிடுவோம். குறை இருந்தால் தானே தெரிந்துவிடும்" என்றார் மருதவாணர்.

மறுநாள் கதவைச் சாத்தினார்கள். உச்சிவேளை தாண்டியும் இலை போடவில்லை. ராஜா பசியோடு எழுந்து போனால், உக்கிராணத்து வாசலில் சமையற்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"பூட்டியிருக்கு, மகாராஜா."

"யார் பூட்டியது?"

சடைக்குட்டியார் நெளிந்தார். மந்திரி எதையாவது ஒளித்துவிடுவாரோ என்ற பயத்தில், சும்மா தொங்கிக்கொண்டிருந்த பூட்டை அவர்தான் அமுக்கிவிட்டார். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்; திறக்கச் சாவி வேண்டும். சாவியோ ராணியின் இடுப்பில், அக்கரையில். மந்திரி மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"கொல்லனைக் கூப்பிடுங்கள்! ஒரே அடி!" என்றார் சடைக்குட்டியார்.

கொல்லன் வந்து சுத்தியலை ஓங்கினான். வெள்ளிக்கிழமைதோறும் வடிவம்மை வைக்கும் மஞ்சள், பூட்டின்மேல் காய்ந்து கிடந்தது. ராஜா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"தொடாதே! அது அவள் பூட்டு."

"குறை என்னவென்று மகாராஜாவே சொல்லிவிட்டீர்கள்" என்றார் மருதவாணர், மெதுவாக.

ராஜா கொல்லன் கையை விட்டார். "ஆமாம் ஐயா. அவள் இல்லாமல் மழைக்காலம் முழுக்க என்னால் இங்கே இருக்க முடியாது. படகை அவிழ்க்கச் சொல்லும். நானே போகிறேன்."

அக்கரைத் துறையில் வடிவம்மை மூட்டையோடு நின்றிருந்தாள்.

"சாவிக்குத்தானே வந்தீர்கள்?"

"பூட்டை உடைக்கக் கொல்லன் போதும், வடிவு. நான் பேசினது தப்பு. உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன்."

அவள் கண் கலங்கியது. "இந்தச் சாவியை மறந்துபோய் எடுத்துவந்தேன் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் வருவதற்கு ஒரு சாக்காவது வேண்டாமா? நீங்கள் மாடத்தில் நிற்பது இங்கிருந்து தெரியும். தினமும் நானும் இங்கேதான் நின்றேன்."

மருதவாணருக்குப் பொற்கடகம் கிடைத்தது. சடைக்குட்டியாருக்கு, ராணி சொல்லச் சொல்லப் படியால் அரிசி அளந்துபோடும் வேலை கிடைத்தது.

வெள்ளம் வந்தது, படகும் நின்றது. புளிப்பானைக்குள் ராணி எட்டிப் பார்க்க, ராஜா பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். மேகம் பார்க்க அப்புறம் அவர் மாடத்துக்கு ஏறவே இல்லை.