தூணுக்கு ஓர் அதிரசம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் மணியடித்த சவரிமுத்து.

நெடுங்காலத்துக்கு முன் நெல்வளநாட்டைக் கடம்பவழுதி என்னும் அரசர் ஆண்டார். நல்லவர், ஆனால் காதில் கடைசியாக விழுந்த சொல்லையே நம்புபவர்.

அவர் எழுப்பிய கோயிலின் பதினாறு தூண் மண்டபத்தில், தூணுக்கு ஒரு குழந்தைக் கண்ணனைச் செதுக்கியிருந்தான் சிற்பி சாத்தன். அவன் புகழைப் பொறாத அவைப்புலவர் வீரகேசரி ஒருநாள் அரசவையில் எழுந்தார்.

“அரசே, அவை கண்ணன்கள் அல்ல. சாத்தனின் மகள் வெண்ணி. கோயில் தூணில் உயிரோடிருப்பவர் சாயலை வடிப்பது குற்றம்.”

“அப்படியா? சிலைகளை உடையுங்கள். அவன் உளிகளை ஆற்றில் எறியுங்கள்.”

சாத்தன் வெளிறிப்போனான். அமைச்சர் திருமலையப்பர் மெல்ல நகைத்தார். “யார் சாயல் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. இவ்வழக்கை அறியாத ஒருவரைக் கேட்போம். புலவரின் இல்லத்து அம்மையாரையே அழைக்கலாமா?”

“தாராளமாக,” என்றார் வீரகேசரி பெருமையுடன்.

எல்லோரும் மண்டபத்துக்குச் சென்றனர். அம்மையார் முதல் தூணருகே நின்றார், முகம் மலர்ந்தது.

“அட, எங்கள் நம்பி! தின்பண்டம் தருகிறேன் என்று ஏமாற்றினால் உதட்டை இப்படித்தான் பிதுக்குவான்.” கணவரைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது? பிள்ளை விழித்திருக்கும்போது நீங்கள் வீட்டில் இருந்தால்தானே?”

அவையினர் சிரிப்பை அடக்கினர். உடன் வந்த அரசியோ, “இல்லையம்மா, இவன் எங்கள் இளவரசன்,” என்றார். அரசரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு சாத்தனை நோக்கினார்.

“உண்மையைச் சொல். இது யார்?”

“என் மகள்தான், அரசே.”

வீரகேசரி நிமிர்ந்தார். அமைச்சர் குறுக்கிட்டார்: “ஒரு பிள்ளையின் சாயல் மட்டும் என்றால் குற்றம். பெற்றவர் ஒவ்வொருவருக்கும் தம் பிள்ளையாகத் தெரிந்தால், அது கண்ணன்தானே?”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். “உளிகள் உன்னிடமே இருக்கட்டும், சாத்தா. அந்த உதட்டை எப்படிப் பிடித்தாய்?”

“தூணுக்கு ஓர் அதிரசம் என்று பேசி அவளை உட்கார வைத்தேன். கொடுத்தால் சிரித்துவிடுவாள், உதடு போய்விடும். அதனால் கொடுக்கவே இல்லை.”

“பரிசு பிறகு, முதலில் குழந்தைக்குத் தரவேண்டிய கடன். புலவரே, அதை உம் கையாலேயே தீர்த்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய் நம்பியோடு விளையாடும்.”

வீரகேசரி நாணத்துடன் அதிரசத் தட்டை ஏந்தி வந்தார். அழைத்து வரப்பட்ட வெண்ணி, நடந்ததைக் கேட்டபடியே ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டாள். மிஞ்சிய நான்கை அவரிடமே நீட்டினாள்.

“இவை நம்பிக்கு, ஐயா. அப்பா எனக்குத் தரவேண்டியது பதினாறுதான்.”