நண்டு கரையைத் துளைப்பது ஏன்?

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கெல்லாம் வாயும் இருந்து வம்பும் இருந்தபோது, ஒரு நீர்நாய் ஓடையின் குறுக்கே மண்ணணை போட்டுத் தனக்கென்று ஓர் ஏரி வைத்துக்கொண்டது. பாசனத்துக்கு இல்லை, கும்மாளம் போடவும், களிமண் சறுக்கிலிருந்து தொபுக்கென்று விழவும்தான்.

அணைக்குக் காவல் ஒரு நண்டு. எங்கே கசிந்தாலும் சேற்றைக் குழைத்து அடைத்துவிடும். அது அடைத்த இடத்தில் எறும்புகூட நுழையாது. நண்டின் பெண்டாட்டி, அப்போதுதான் பொரித்த குஞ்சுகளோடு, அணைக்குக் கீழே வயல் பொந்தில் இருந்தது.

“யோவ் நண்டு, நாளைக்கு நாரை வீட்டுக்காரங்க வர்றாங்க. சறுக்குல இறங்கினா அடியில கல்லு குத்துது. மிச்சத் தண்ணி வழியிற வாயை அடைச்சு ரெண்டு சாண் ஏத்துய்யா” என்றது நீர்நாய்.

“மழை வந்தா, முதலாளி?”

“வந்தா திறந்துக்க. என் ஏரி, என் மண்ணு. உன் கொடுக்கு ஏன்யா நடுங்குது?”

நண்டு அடைத்தது. மூன்று அடுக்குச் சேறு, நடுவே நாணல் வேர். பார்த்துப் பார்த்துச் செய்தது.

“வழியிற தண்ணி இனி எங்கதாங்க போகும்?” என்று பெண்டாட்டி கேட்டது.

“தூறல் போட்டதும் திறந்துடுவேன். நீ பிள்ளைங்களைப் பாரு.”

மறுநாள் மதியம் தூறல் போட்டது. நண்டு சறுக்குக்கு ஓடியது.

“முதலாளி, திறக்கட்டுமா?”

“அடடே, இப்பத்தானேப்பா என் முறை வந்துச்சு” என்று இழுத்தது ஒரு கிழநாரை.

“விருந்தாளிக்கு இன்னும் ஒரே ஒரு சறுக்கு. பொறுய்யா” என்றது நீர்நாய்.

நண்டு பொறுத்தது. ஒரு சறுக்கு பத்தாயிற்று. மழை கொட்டியது. அப்புறம் யாரையும் கேட்காமல் ஓடித் தன் அடைப்பைத் தோண்டியது. சேறு பெயர்ந்து வரவில்லை. அத்தனை நன்றாக அடைத்திருந்தது. ஒரு கொடுக்கு ஒடிந்தது. கரையின் தலைமேல் தண்ணீர் நூலாக ஏறியது. பிறகு அணையே வெல்லம்போலக் கரைந்து போயிற்று.

வெள்ளம் வடிந்தபோது வயலில் பொந்து இருந்த இடமே தெரியவில்லை.

“என்னய்யா பண்றது, பெரிய மழை” என்று சொல்லிவிட்டு, நீர்நாய் மேலோடையில் வேறு மடு தேடிப் போனது.  நண்டு அதன்பின் யாரிடமும் பேசவில்லை.

அன்று தொட்டுத்தான் வரப்பானாலும் ஏரிக்கரையானாலும், ஒரு கொடுக்கு சிறுத்த நண்டு அதில் துளை போடுகிறது. வயல்காரர் திட்டிக்கொண்டே அடைத்துவிட்டுப் போவார்; காலையில் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்.