கடைமடையில் நின்ற நெல்

"நான் செஞ்சது தப்பா தாயி?"

மலையேறி வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் கேட்டார். மூச்சுகூட இன்னும் அடங்கவில்லை.

உலகம்மை ஓடைக்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. தலை நரைத்த பிறகு சீடராகச் சேர்ந்தவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு. எதையும் பட்டென்று கேட்டுவிடுவார்கள்.

"உட்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

மஞ்சணத்தி ஆற்றுக்கு வருஷத்தில் இரண்டு முறை தண்ணீர் வரும். ஆனி, ஆடியில் மலைமேல் விழும் சாரல். ஐப்பசியில் பெருமழை. இரண்டுக்கும் நடுவில் அணையில் கிடப்பதுதான் ஐந்து ஊருக்கும் உயிர். அந்த அணையின் மடையைத் திறப்பதும் மூடுவதும் ஆவுடையப்பன் பொறுப்பு.

அந்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆவணி முடியும்போது அணையில் பாதிகூட இல்லை. ஐப்பசியும் கைவிட்டால் குடிக்கவும் தண்ணீர் இருக்காது என்று பயந்து, அவர் மடையை மூடினார்.

மேல்வயல்களுக்கு அணையின் கசிவு இருந்தது. அரையும் குறையுமாகப் பிழைத்துக்கொண்டன. வாய்க்கால் முடியும் கடைமடையில் அதுவும் இல்லை. கடைமடைக்காரர் கோமதிநாயகம் மடைக்கே வந்து நின்றார்.

"நெல்லு பால் பிடிக்குது வே. ஒரே ஒரு நனைப்பு. அது போதும்."

ஆவுடையப்பன் முடியாது என்றுவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த நெல் கருகிப்போனது.

அப்புறம் மழை வந்தது. ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்காமல், புரட்டாசி கடைசியிலேயே கொட்டித் தீர்த்தது. அணை நிரம்பி, மிச்சமெல்லாம் அணையின் கலிங்கு தாண்டி வழிந்து, கேட்பாரில்லாமல் கடலுக்குப் போனது. ஒரு நனைப்புக்குக் கணக்குப் பார்த்த தண்ணீர், கண் முன்னால் ராப்பகலாக ஓடியது. ஆவுடையப்பனுக்கு அந்தச் சத்தமே பிடிக்காமல் போயிற்று. கலிங்குப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இப்போது அணை நிறையத் தண்ணீர். ஆனால் ஒருவராலும் எடுக்க முடியவில்லை.

பெருமழைக்குப் பிறகு வரும் போகத்துக்கு, முதல் தண்ணீர் கடைமடை வயலில் பாய வேண்டும். அந்த வயல்காரர் தன் கையால் வரப்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் அதன் பிறகுதான். அது அந்த ஆற்றின் வழக்கம். கோமதிநாயகமோ மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்கிறார். கார்த்திகை பிறக்கப் போகிறது. நாற்றுப் பாவும் பருவம் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

"ஆள்மேல ஆளா அனுப்பிட்டேன் தாயி. மழை வரும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்னு சொல்லி அனுப்பினேன். மனுஷன் அசையமாட்டேங்காரு. அஞ்சு ஊரும் என்னையத்தான் ஏசுது."

அவள் கீரையை ஆய்ந்தாள்.

"நீங்களுந்தானே தாயி அன்னைக்குச் சொன்னிய, மேகத்தை நம்பி மடையைத் திறக்காதீங்கன்னு?"

"சொன்னேன்."

"அப்போ தப்பு உங்க மேலயும் இருக்குல்லா?"

"இருக்கு."

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. குரு ஏதாவது தத்துவம் சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று வந்தவர். இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஐப்பசியிலயும் மழை பெய்யலன்னு வச்சுக்கிடுங்க."

"ஊரே என்னையக் கும்பிட்டிருக்கும். மகராசன் தண்ணியக் காப்பாத்தி வச்சான்னு சொல்லியிருக்கும்."

"கோமதிநாயகம் நெல்லு?"

"அது... அப்பவும் கருகித்தான் போயிருக்கும்."

"அப்போ, இந்த மலை ஏறி வந்திருப்பியளா?"

ஆவுடையப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை எப்போதோ காய்ந்திருந்தது.

"வந்திருக்க மாட்டேன்," என்றார் கடைசியில்.

"அந்தப் பயிரு எம்புட்டு உயரம் வளர்ந்திருந்துச்சு?"

"தெரியலியே தாயி."

"எனக்கும் தெரியாது."

உலகம்மை மடியிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாங்க. போவோம்."

அவர்கள் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுற்றியுள்ள வயல்களெல்லாம் உழுது, தண்ணீருக்குத் தயாராகக் கிடந்தன. ஒரு வயலில் மட்டும் போன போகத்து நெல் அப்படியே நின்றது. வெயிலில் கருகி, அப்புறம் மழையில் நனைந்து கறுத்து, இடுப்பளவுக்கு. அறுக்கவில்லை. மாட்டை விட்டு மேய்க்கவும் இல்லை.

உலகம்மை வரப்பில் நிற்காமல் நேரே உள்ளே இறங்கினாள். ஒரு கதிரை ஒடித்து, நெல்லை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கதிரை ஆவுடையப்பன் கையில் வைத்தாள்.

அவரும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார்.

பூவரச மரத்தடியில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

வழிநெடுகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் ஆவுடையப்பனுக்கு மறந்துபோனது. மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"எல்லாம் பதரு," என்றார்.

"ஆமா."

"இடுப்புக்கு வளர்ந்திருக்கு."

"நல்லாத்தான் வளர்ந்துச்சு."

ஆவுடையப்பன் கறுத்து நின்ற பயிரைத் திரும்பிப் பார்த்தார்.

"வைக்கோலுக்காவது அறுத்திருக்கலாம்லா. மாடாவது தின்னுருக்கும். ஏன் வே இப்படியே நிக்கவிட்டீரு?"

கோமதிநாயகம் எழுந்தார். மரத்தில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வரப்பை நோக்கி நடந்தவர், ஆவுடையப்பன் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"நீரு வந்து பார்ப்பீருன்னுதான்."