காரைமலை ராஜாவின் தலையை எடுக்க வந்த துரை

கலெக்டர் டாசன் துரை காரைமலைக்கு வருகிறார் என்று சேதி வந்ததிலிருந்து ராஜா குமாரமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. துரை முகம் சுளித்தால் ஜமீன் போய்விடும். பக்கத்து ஜமீன் அப்படித்தான் போயிற்று.

ராஜாவிடம் ஆவுடையப்பன் என்றொரு துபாஷி இருந்தான். துரைமார் பேச்சைத் தமிழிலும், ராஜா பேச்சை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது அவன் உத்தியோகம். கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாய் மந்திரியான பிரதானி தாமோதரராயருக்கு ஆகவே ஆகாது.

"மகாராஜா, நான் பட்டணத்தில் இருந்தபோது இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவன். இந்தத் தடவை துரையோடு நானே பேசுகிறேன்" என்றார் ராயர்.

"அப்போது ஆவுடையப்பன்?"

"கோட்டைச் சுவர் அழுக்காகக் கிடக்கிறது. அவன் வெள்ளை அடிக்கிற வேலையைப் பார்க்கட்டும்."

ராஜா தலையசைத்துவிட்டார். ஆவுடையப்பன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ராயர் இங்கிலீஷைக் குடித்தது நிஜம். ஆனால் குடித்தது ஒரே ஒரு கரண்டி. அந்தக் கரண்டியில் அன்றாடச் சொற்கள் கொஞ்சமும் 'டேக்' என்ற சொல்லும் இருந்தன. டேக் என்றால் எடு. அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று அவருக்குத் தெரியாது.

துரை வந்து இறங்கினார். கூடவே ஒரு விசித்திரமான சாமானும் இறங்கியது. மூன்று கால், மேலே பெட்டி, பெட்டிக்கு முன்னால் பித்தளைக் குழல், எல்லாவற்றையும் மூடி ஒரு கறுப்புத் துணி. காவல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துரை சிரித்த முகமாக ஏதோ சொன்னார். ராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "முதலில் தேநீரை எடுப்பாராம்."

"எடுக்கட்டும்."

"பிறகு குளியலை எடுப்பாராம். பிறகு ஓய்வை எடுப்பாராம். அப்புறம்..." ராயர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"அப்புறம்?"

"மகாராஜாவை எடுப்பாராம்."

ராஜாவின் கை சிம்மாசனத்தை இறுகப் பிடித்தது. "என்னையா? நன்றாகக் கேளும் ஐயா!"

ராயர் கேட்டார். துரை கையால் தன் கழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டி உற்சாகமாக விளக்கினார்.

"முழு உடம்பு வேண்டாமாம்" என்றார் ராயர், அழாத குறையாக. "தலையை மட்டும் எடுத்தால் போதுமாம். வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிட வேண்டுமாம். விருப்பமிருந்தால் ராணியம்மாவையும் எடுக்கிறாராம்."

துரை தேநீரைக் குடித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே குளியலறைக்குள் போனார். அவர் உள்ளே போனதுதான் தாமதம், ராஜா கத்தினார்: "கதவைத் தாழ் போடுங்கள்! வேல்காரர்களைக் கூப்பிடுங்கள்! ஆவுடையப்பன் எங்கே?"

ஆவுடையப்பன் தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்போடு ஓடிவந்தான். குளியலறையைச் சுற்றி நாற்பது வேல். உள்ளேயிருந்து கதவு இடிபடும் சத்தம். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நடுக்கம். கலெக்டரை அடைத்து வைத்த ஜமீன் பொழுது சாய்வதற்குள் காணாமல் போகுமே!

"மகாராஜா, இன்று காலை என்னை என்ன செய்யச் சொன்னீர்கள்?"

"வெள்ளை அடிக்கச் சொன்னேன்."

"அடித்தேன். எந்த வெள்ளைக்காரருக்காவது வலித்ததா?"

ராஜா கோட்டைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கூடாரம் அடிக்கிறோம், அது அழுவதில்லை. அரட்டை அடிக்கிறோம், காயம் இல்லை. நம் 'அடி' மாதிரிதான் அவர்களுடைய 'டேக்'. எதோடு சேர்கிறதோ அதற்குத் தக்கபடி வேஷம் போடும். தேநீரோடு சேர்ந்தால் குடிப்பது. குளியலோடு சேர்ந்தால் குளிப்பது. அந்தக் கறுப்புத் துணிப் பெட்டியோடு சேர்ந்தால் படம் பிடிப்பது! துரை கேட்டது உங்கள் முகத்தின் படத்தை."

ராஜாவுக்கு மூச்சு வந்தது. உடனே மறுபடியும் நின்றது. "ஐயோ! துரையை அடைத்துவிட்டேனே! என்ன சொல்வது?"

"வேல்காரர்கள் மறைந்துகொள்ளட்டும். மிச்சத்தை என்னிடம் விடுங்கள்."

தாழைத் திறந்ததும் துரை வெளியே வந்தார். இடுப்பில் துண்டு, தலையில் நுரை, முகம் மிளகாய்ப் பழம். "என்னை அடைத்தவன் எவன்?" என்று இங்கிலீஷில் கர்ஜித்தார்.

ஆவுடையப்பன் தரைதொட வணங்கி இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். "மன்னிக்க வேண்டும் துரையவர்களே. குளியலை எடுக்கப் போவதாகச் சொன்னீர்களாம். எங்கள் பிரதானி அதை சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்லிவிட்டார். இந்த அரண்மனையில் இருப்பது ஒரே குளியலறை. தாங்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களோ என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள்."

துரை தலை நுரையை வழித்துவிட்டு அவனைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் சிரித்தார். ஆவுடையப்பன்தான் பிடித்துக் கொடுத்தான்.

சாயங்கால வெயிலில் ராஜா பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தார். துரை கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்ததும், "எடுத்தாயிற்றா?" என்று ராஜா கேட்டுத் தம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தலை இருந்தது. துரைக்கும் ராஜாவுக்கும் நல்ல சிநேகிதம் ஆயிற்று. ராஜா தம் கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஆவுடையப்பன் விரலில் போட்டார்.

அப்போது தூணுக்குப் பின்னால் ராயர் கண்ணில் பட்டார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஜமீனையே கவிழ்க்கப் பார்த்தாரே! முதலில் இவர் தலையை எடுக்க வேண்டும்!"

ராயர் தூணைக் கட்டிக்கொண்டார். ஆவுடையப்பன் பணிவாகக் குனிந்து கேட்டான்:

"தமிழிலா மகாராஜா, இங்கிலீஷிலா?"

ராஜா அவனைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போகட்டும். இங்கிலீஷிலேயே எடு!"